மாதாவின் போர்வையும் கொம்புத் திருக்கையும்

பெண் பார்க்கப் போன இடத்தில் வாயைத் திறக்காமல் இருந்ததால் கலியாணம் சரிவந்த ஆள் நான். பெயர் கஸ்பர். பேசாலையில் பிறந்து, பதினாலு வயதிலிருந்து இருபத்தெட்டு வயது வரை கடலில் வலை இழுத்து, பிறகு கப்பல் வேலை என்று புறப்பட்டு, எப்படியோ ரொறொன்ரோவில் வந்து விழுந்தவன். 1989ஆம் ஆண்டு மாசி மாதம், மோர்னிங்சைட்டில் பதினோராம் மாடி அப்பார்ட்மென்ற் ஒன்று. முன்னால் ஒரு தட்டு மீன் ரோல்ஸ். எதிரே நீலச் சேலையில் பேர்ணடெற். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"ரெண்டு பேரும் கதையுங்கோ" என்று சொல்லிவிட்டு அவளுடைய மாமி குசினிக்குள் போனா. காதை மட்டும் எங்களோடு விட்டுவிட்டுத்தான் போனா. எனக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. "நீங்கள் இந்தியாவுக்கு எப்பிடிக் கடந்தனீங்கள்?" என்று கேட்டேன். அந்த நாட்களில் சண்டைக்குத் தப்பி வந்த எங்கள் ஆட்கள் இரண்டு பேர் சந்தித்தால் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

அவள் தலையை நிமிர்த்திச் சொல்லத் தொடங்கினாள். 1985இல் ஓர் இரவு வங்காலைக் கரையிலிருந்து ஒரு படகில் பதினொரு பேர் புறப்பட்டிருக்கிறார்கள். நடுக்கடலில் காற்று மாறி, படகு கவிழ்ந்துவிட்டது. அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கூட வந்த தங்கை றோசலினுக்குப் பதினாறு. ஆளுக்கொரு வெறும் மண்ணெண்ணெய்க் கானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். அலை இருவரையும் பிரித்துவிட்டது. கொஞ்ச நேரம் றோசலினின் குரல் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

"நான் மடு மாதாவைக் கூப்பிட்டனான். குரல் அடைக்கும்வரைக்கும் கூப்பிட்டனான். அப்பத்தான் எனக்குக் கீழை தண்ணி வெளிச்சமாச்சுது. பெரிசா, அகலமா, ஓரமெல்லாம் மினுங்கிக்கொண்டு ஒண்டு மேலை வந்தது. அடிப்பக்கம் பால் மாதிரி வெள்ளை. வந்து என்ரை வயித்துக்குக் கீழை விரிஞ்சு என்னைத் தாங்கினது. போகும், திரும்பி வரும். விடியும்வரைக்கும் என்னை விட்டிட்டுப் போகேல்லை. அது மாதாவின்ரை போர்வை."

விடியற்காலை இந்திய மீன்பிடிகாரர் அவளைத் தூக்கினார்களாம். பதினொரு பேரில் நாலு பேர் கரை சேர்ந்தார்கள்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு நாக்கு நுனிக்கு ஒரு சொல் வந்துவிட்டது. கொம்புத் திருக்கை! தலையில் இரண்டு கொம்பு, செட்டை விரித்தால் ஒரு வள்ளத்தை மூடும், முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை. வலையில் மாட்டினால் வலையும் போய் அன்றைய பிழைப்பும் போய்விடும். கரைக்கு இழுத்தால் கோடரியால்தான் கொத்தவேண்டும். கருவாடு போட்டால் மலிவாகப் போகும். எத்தனை கொத்தியிருப்பேன்! மாதாவாவது போர்வையாவது என்று சொல்ல வாயெடுத்தேன்.

அப்போது அவள் சொன்னாள்: "என்னைத் தாங்கின மாதா தங்கச்சியையும் தாங்கியிருப்பா. எங்கேயோ ஒரு கரையிலை விட்டிருப்பா. அவள் இருக்கிறாள். எனக்குத் தெரியும்."

நான் ஒரு முழு ரோல்ஸை எடுத்து வாய்க்குள் அடைத்துக்கொண்டேன். சித்திரையில் எங்களுக்குக் கலியாணம்.

*

பேர்ணடெற் என்று, லூர்தில் மாதாவைக் கண்ட புனிதையின் பெயரை வைத்த பிள்ளைக்கு மாதா காட்சி கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பா என்று எங்கள் செபக்கூட்டத்துச் சனம் பேசிக்கொண்டது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கட்டடத்தின் கீழ்த்தளக் கூடத்தில் செபமாலை நடக்கும். நடத்துகிறவர் நீக்கிலாப்பிள்ளை மாஸ்ரர். ஊரில் கணக்குப் படிப்பித்தவர், இங்கே ஒரு தொழிற்சாலையில் இரவுக் காவல். புதிதாக யாராவது வந்தால் உடனே, "பேர்ணடெற், உம்மடை சாட்சியத்தை ஒருக்காச் சொல்லும்" என்பார். அவளும் எழும்பிச் சொல்லுவாள். பெண்கள் அழுவார்கள். நான் அந்த நேரம் பார்த்து சிகரெட் குடிக்க வெளியே போய்விடுவேன். மைனஸ் இருபதிலும் போயிருக்கிறேன். வெளியே நின்று விறைப்பது, உள்ளே இருந்து பொய்க்குத் தலையாட்டுவதைவிடச் சுகமாக இருந்தது.

அதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. அதில்தான் றோசலின் உயிரோடு இருந்தாள். செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கடிதம், மண்டபம் அகதி முகாமுக்குக் கடிதம், இத்தாலியில் யாரோ கண்டதாகச் சொன்னார்கள் என்று அங்கே ஒரு கடிதம். எங்களுக்கு மகள் பிறந்தபோது, றோசலின் என்று வைப்போமா என்று நல்ல மனதோடுதான் கேட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி சீறி விழுந்தாள். "உயிரோடை இருக்கிற ஆளின்ரை பேரை நினைவுக்கு வைக்கிறதோ? உங்களுக்கு விசரோ?" பிள்ளைக்கு நதீஷா என்று வைத்தோம்.

கார்த்திகை மாதம் கோவிலில் ஓர் உறை தருவார்கள். இறந்துபோன சொந்தங்களின் பெயர்களை உள்ளே இருக்கிற தாளில் எழுதிக் கொடுத்தால் அந்த மாதம் முழுக்கப் பீடத்தில் வைத்துப் பூசை ஒப்புக்கொடுப்பார்கள். பேர்ணடெற் தன் தகப்பன் பெயரை எழுதுவாள், தாயின் பெயரை எழுதுவாள். மூன்றாவது கோட்டை வெறுமையாக விட்டு உறையை ஒட்டிவிடுவாள். வருடா வருடம் அந்த வெறுங்கோட்டைப் பார்த்துக்கொண்டு நான் பக்கத்தில் இருப்பேன்.

இப்படியே ஏழு வருடம் ஓடியது. 1996ஆம் ஆண்டு மாசி மாதம், ஒரு ஞாயிறு பின்னேரம், பேர்ணடெற் என் வேலைச் சட்டைக்கு அயர்ன் போட்டுக்கொண்டிருந்தாள். நான் சோபாவில் கால் நீட்டி ரீவி பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ கடல் பற்றிய நிகழ்ச்சி. திடீரென்று திரை முழுக்க அது வந்தது. கறுத்த முதுகு, விரிந்த செட்டை, ஒரு புரட்டுப் புரண்டு வெள்ளை வயிற்றைக் காட்டியது.

நான் பாய்ந்து றிமோட்டை எடுத்தேன். அங்கேதான் பிடிபட்டேன். சும்மா கிடந்திருந்தால் அவள் நிமிர்ந்துகூடப் பார்த்திருக்க மாட்டாள்.

"மாத்தாதேங்கோ" என்றாள்.

நிகழ்ச்சி முடியும்வரை நின்றபடி பார்த்தாள். சட்டை கருகிய மணம் வந்தபோதுதான் அயர்னைத் தூக்கினாள்.

"உதுக்கு எங்கடை பக்கம் என்ன பேர்?"

"எதுக்கு?"

"கஸ்பர்."

என் பெயரைச் சொல்லி அவள் கூப்பிடுவது கோபத்தின் உச்சியில் மட்டும்தான். "கொம்புத் திருக்கை" என்றேன்.

"எப்பவிருந்து உங்களுக்குத் தெரியும்?"

"பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கே."

அவள் கருகின சட்டையை மடித்து வைத்தாள். மூன்று நாள் வீட்டில் பேச்சு இல்லை. சோறு மேசைக்கு வரும், கோப்பை சத்தத்தோடு வைக்கப்படும். அவ்வளவுதான். நாலாம் நாள் நான் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றுமுன் அவள் பேசினாள்.

"எனக்கு அதை நேரிலை பாக்கவேணும். ரீவியிலை பாத்துச் சொல்லேலாது. இருட்டிலை, தண்ணிக்குள்ளை, எனக்குக் கீழை வரவேணும். அது வேறை இது வேறையெண்டால் எனக்குத் தெரியும். அதுதான் எண்டாலும் தெரியும்."

"அதுதான் எண்டால்?"

"அப்ப றோசலின்..." என்றாள். 

*

அந்த ரீவி நிகழ்ச்சி ஹவாயில் எடுத்தது. அங்கே ஒரு தீவில், இரவில் கடலுக்குள் விளக்குப் போட்டு, மூச்சுக் குழாயோடு ஆட்களை மிதக்கவிட்டுக் கொம்புத் திருக்கை காட்டுகிறார்களாம். விளக்குக்குக் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பூச்சிகள் கூடும். பூச்சியைத் தின்ன அது வரும். கனடாப் பாஸ்போட் கைக்கு வந்து இரண்டு வருடம். போகத் தடையில்லை. ஆனால் அந்த ஆவணி மாதம் எங்கள் செபக்கூட்டம் லூர்து மாதா கோவிலுக்குப் பயணம் போவதாக இருந்தது. பேர்ணடெற் ஐந்து வருடமாக அதற்கென்று சேர்த்து வைத்திருந்தாள். அதைத்தான் எடுத்தாள்.

நீக்கிலாப்பிள்ளை மாஸ்ரர் ரெலிபோன் எடுத்தார். "பிள்ளை, லூர்து மாதாவை விட்டிட்டு ஹவாயோ? அங்கை என்ன கோவில் இருக்கு?"

"கோவில் இல்லை மாஸ்ரர். மீன் பாக்கப் போறம்."

 கட்டடம் முழுக்கக் கதை பரவ அரைநாள் எடுக்கவில்லை. கஸ்பர் பெண்சாதியைக் கெடுத்துப்போட்டான் என்றுதான் முடிவு கட்டினார்கள். கெடுக்கிற அளவுக்கு எனக்கு அந்த வீட்டில் அதிகாரம் இருந்ததாக அவர்கள் நினைத்ததே எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

பெரிய சிக்கல் வேறு. அந்த இரவுக்குப் பிறகு பேர்ணடெற் தண்ணீரில் இறங்கியதில்லை. ஒன்ராறியோ ஏரிக்கரைக்குப் பிக்னிக் போனாலும் வாகனத் தரிப்பிடத்துப் பக்கமாகப் பார்த்துத்தான் பாய் விரிப்பாள். ஆகவே குளியல் தொட்டியில் தொடங்கினோம். முகக் கண்ணாடியும் மூச்சுக் குழாயும் போட்டு, சோட்டிக் கவுனோடு தொட்டியில் குப்புறப் படுப்பாள். நான் மூடின கக்கூஸ் கொமட்டில் உட்கார்ந்து மணிக்கூட்டைப் பார்ப்பேன். முதல் நாள் ஏழு செக்கன்ட். எழும்பி என்னை ஒரு தள்ளுத் தள்ளினாள், ஏதோ நான்தான் தண்ணீரைக் கண்டுபிடித்தவன் மாதிரி. ஒரு மாதத்தில் பத்து நிமிடம் படுத்தாள். குழாய் வழியாக மூச்சு வந்துபோகிற சத்தம் அந்தச் சின்ன அறை முழுக்க நிறைந்திருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நான் ஒன்றையே நினைப்பேன்: அது கொம்புத் திருக்கைதான். எனக்குச் சந்தேகமே இல்லை. இவ்வளவு பாடுபட்டு இவள் போகப்போவது தங்கையைச் சாகக் கொடுக்கத்தான்.

பிறகு ஸ்காபரோவில் ஒரு நீச்சல் குளத்துக்குப் போனோம். ரீசேட்டும் நீளக் காற்சட்டையுமாக அவள் ஆழமான பக்கத்தில் மிதந்தாள். கால் கீழே முட்டாத இடத்துக்கு வந்ததும் என் கையைப் பிடித்தாள். ஆனி மாதம் முடியக் கையை விட்டாள்.

*

ஆவணி பதினாலாம் திகதி. நதீஷாவை மாமி வீட்டில் விட்டுவிட்டு, இரண்டு விமானம் மாறி, அந்தத் தீவில் போய் இறங்கியிருந்தோம். படகுக்காரன் பெயர் றொபேட். அந்தத் தீவு ஆள், என் வயதுதான் இருக்கும், உப்பில் ஊறிய தோல். பார்த்தவுடனே கடற்தொழில் செய்தவன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவனும் என் கையைப் பிடித்துக் குலுக்கும்போது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தான். அந்த உற்சாகத்தில், எங்கள் ஊரில் இதைக் கொத்திக் கருவாடு போடுவோம் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். அவன் முகம் மாறியது. பிறகு சட்டங்களை என்னைப் பார்த்தே சொன்னான். தொடக்கூடாது. காலைத் தொங்கவிடக்கூடாது. பலகையைப் பிடித்துக்கொண்டு தட்டையாக மிதக்கவேண்டும்.

"அதன்ரை வால்?" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். என் அப்பு வீட்டுச் சுவரில் ஒரு திருக்கை வால் தொங்கும். அதன் ருசி என் முதுகுக்கு நன்றாகத் தெரியும்.

இதற்கு வாலில் முள் இல்லை, சனத்துக்கு ஒன்றும் செய்யாது என்றான். பதினாலு வருடம் கடலில் கிடந்த எனக்கு அது தெரியாது. கோடரி போடுகிறவன் வாலை எங்கே பார்த்தான்!

பொழுது பட்டது. கரையில் கறுப்புப் பாறைகள், மேலே ஒரு ஹோட்டல் வெளிச்சம். றொபேட் ஒரு நீளப் பலகையைத் தண்ணீரில் போட்டான். அதன் அடியில் பெரிய விளக்கு ஒன்று கட்டியிருந்தது. அதைப் போட்டதும் கடல் பச்சையாகத் திறந்துகொண்டது. பேர்ணடெற் படகின் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் வைத்தாள். உடனே மேலே இழுத்துக்கொண்டாள். "வேண்டாமெண்டால் திரும்புவம்" என்றேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமலே இறங்கினாள்.

பலகையைப் பிடித்து இருவரும் குப்புற மிதந்தோம். கண்ணாடிக்குள் முதலில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. அதற்குள் மாவைத் தூவினதுபோல் கோடிக்கணக்கான துகள்கள் சுழன்றன. அவ்வளவும் உயிர் என்று நினைத்தபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது. பக்கத்தில் பேர்ணடெற்றின் குழாய் மூச்சு வேகவேகமாக வந்தது. பத்து நிமிடம். கால் மணித்தியாலம். ஒன்றும் வரவில்லை. வராமலே போகட்டும் என்று உள்ளுக்குள் மன்றாடினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு வெளிச்சம் முடிகிற இடத்தில் இருட்டு அசைந்தது.

அது வந்தது. எப்படிச் சொல்வேன்? செட்டை ஒருதரம் மேலெழுந்து தாழ்ந்தது. அந்த ஓர் அசைவிலேயே அவ்வளவு தூரத்தையும் கடந்து எங்களுக்குக் கீழே நின்றது. எங்கள் சாப்பாட்டறைக்குள் வைத்தால் நாலு சுவரிலும் முட்டும். வாயைத் திறந்தது. உள்ளே வெள்ளையாக, வரிவரியாக, வயிற்றின் தொடக்கம் வரை தெரிந்தது. பல் இல்லை. நான் கொம்பு என்று நினைத்த இரண்டும் கொம்பே இல்லை. இரண்டு மெல்லிய கைகளை விரித்து உணவை வாய்க்குள் அணைத்துக்கொள்வதுபோல் அவை வளைந்தன. நேரே எங்களை நோக்கி மேலே வந்தது. முட்டப்போகிறது என்று நான் கண்ணை மூடினேன். திறந்தபோது அது ஒரு சாண் கீழே மல்லாந்து, தன் வெள்ளை வயிறு முழுவதையும் எனக்குக் காட்டியபடி புரண்டுகொண்டிருந்தது. புரண்டு இறங்கி, மீண்டும் வந்தது. பிறகு இன்னொன்று வந்தது. பிறகு மூன்றாவது. ஒன்றையொன்று முட்டாமல், ஒரு துளி சத்தமில்லாமல், ஒன்றன் கீழ் ஒன்றாகப் புரண்டன.

நான் அழுதேன். கண்ணாடிக்குள் அழுதால் துடைக்க முடியாது என்று அன்றுதான் தெரிந்தது. பதினாலு வருடம் எத்தனையோ கொம்புத் திருக்கையைக் கரையில் போட்டிருக்கிறேன். கறுப்புச் சாக்கு மாதிரிக் கிடக்கும். அவற்றில் ஒன்றைக்கூட நான் கண்டதில்லை என்று அந்தத் தண்ணீரில் கிடந்தபோதுதான் எனக்கு விளங்கியது. 

பேர்ணடெற் என் கையைப் பிடித்திருந்தாள். அவள் தலையைத் தூக்கி, குழாயைத் துப்பிவிட்டு, றொபேட்டைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னாள்: விளக்கை அணை. தயவுசெய்து. ஐந்து நிமிடம்.

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். விளக்கு அணைந்தது.

அப்படி ஓர் இருட்டை நான் மறந்து கனகாலம். மேலும் இல்லை, கீழும் இல்லை. அவளுடைய கை மட்டும் இருந்தது. நான் விரலை அசைத்தேன். விரலைச் சுற்றித் தண்ணீர் பச்சையாகப் பொறி விட்டது. எங்கள் கடலிலும் சில இரவுகளில் இப்படி மினுங்கும். துடுப்புப் போட்டால் நெருப்புத் தெறிக்கும். அவள் காலை அசைத்தாள், அங்கேயும் பொறி. பிறகு, வெகு கீழே, ஒரு கோடு பற்றியது. வளைந்து நீண்டது. அகன்ற இரண்டு ஓரங்கள் ஒளியால் கீறப்பட்டு, நடுவில் கறுப்பாக, அது எழுந்து வந்தது. பிறகு அந்தக் கறுப்பு மெல்லப் புரண்டது. மினுக்கத்தில் வெள்ளை தெரிந்தது.

நான் கண்டது ஒரு போர்வை. சத்தியமாகச் சொல்கிறேன், கொம்புத் திருக்கை என்று நூறு வீதம் தெரிந்த நான், அந்த இருட்டில் கண்டது யாரோ ஒருத்தி விரித்த போர்வையைத்தான். அது எங்கள் வயிற்றுக்குக் கீழே வந்து திரும்பியபோது தண்ணீர் திரண்டு மேலே வந்தது. அந்தத் தண்ணீர் என்னைத் தூக்கியது. எண்பத்தைந்து கிலோ மனிதனான நான் ஒரு பிள்ளையைப்போல் தூக்கி வைக்கப்பட்டேன். பக்கத்தில் அவளும் உயர்ந்தாள். குழாய்க்குள் நான் "மாதாவே" என்றேன். ஏழு வருடம் வெளியே நின்று சிகரெட் குடித்தவன்.

*

படகில் ஏறி, துவாயைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தோம். றொபேட் எங்களுக்கு முதுகைக் காட்டி இயந்திரத்தில் எதையோ பார்ப்பதுபோல் நின்றான். நல்ல மனிதன்.

"அதுதான்" என்றாள் பேர்ணடெற்.

நான் துவாயை அவள் தோளுக்கு இழுத்துவிட்டேன்.

"அது என்னைத் தாங்க வரேல்லை. தன்ரை பாட்டிலை சாப்பிட்டுக்கொண்டு திரிஞ்சிருக்கு. நான் அதுக்குக் குறுக்கை மிதந்திருக்கிறன். றோசலினுக்குக் கீழையும் போயிருக்கும். அவளையும் தூக்கித்தான் இருக்கும். அவளுக்குத்தான் கான் கையிலை நிக்கேல்லை." துவாயை முகத்தில் வைத்து அழுத்தினாள். "பதினொரு வருசம் அவளைத் தேடினனான். அவள் அண்டைக்கே... எனக்குக் கூப்பிடு தூரத்திலை..."

அவள் அழுத அழுகையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சாட்சியம் சொல்லும்போது மற்றவர்கள்தான் அழுவார்கள்; அவள் அழமாட்டாள். பதினொரு வருடத்து அழுகை முழுக்க அந்தப் படகில் வந்தது. நான் அணைத்துக்கொண்டிருந்தேன்.

"மன்னியும்" என்றேன். "நான் அண்டைக்கே சொல்லியிருக்கவேணும்."

அவள் மூக்கைத் துவாயில் துடைத்தாள். "நீங்கள் சொல்லேல்லை எண்டுதானே கட்டினனான்."

"என்ன?"

"மீன்பிடிகாரன், பேசாலை ஆள், உவனுக்குத் தெரியாமல் இராது எண்டு பயந்துகொண்டுதான் சொன்னனான். உங்கடை முகத்திலை அப்பிடியே எழுதியிருந்தது. வாயைத் திறந்தனீங்கள். போச்சுது எண்டு நினைச்சன். பிறகு முழு ரோல்ஸையும் வாய்க்குள்ளை வைச்சனீங்கள்." அழுகைக்குள் ஒரு சிரிப்பு வந்தது. "அந்த ஆளோடை இருக்கலாம் எண்டு மாமிக்குச் சொன்னன்."

ஏழு வருடம் நான்தான் கெட்டிக்காரன், நான்தான் மறைக்கிறேன் என்று இருந்திருக்கிறேன். இரண்டு பேரும் ஒரே கதவை இரண்டு பக்கமும் நின்று சாத்திப் பிடித்திருக்கிறோம்.

*

ஐப்பசிச் செபக்கூட்டத்துக்கு இரண்டு புதுக் குடும்பம் வந்திருந்தது. லூர்து போய் வந்தவர்கள் போத்தலில் தீர்த்தம் கொண்டுவந்து பங்கிட்டார்கள். எங்களுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் ஊற்றினார்கள். மாஸ்ரர் பழக்கத்தில், "பேர்ணடெற், உம்மடை சாட்சியம்" என்றார். நான் சிகரெட் பெட்டியை எடுக்கவில்லை. கதிரையில் இருந்தேன்.

அவள் எழும்பினாள். படகு கவிழ்ந்தது முதல் எல்லாவற்றையும் முன்போலவே சொன்னாள். பிறகு, "என்னைத் தூக்கினது ஒரு கொம்புத் திருக்கை. நான் போய்ப் பாத்திட்டு வந்தனான்" என்றாள்.  தீர்த்தப் போத்தலோடு நின்ற ஒரு அன்ரி அப்படியே நின்றா.

"அப்ப மாதா?" என்றார் மாஸ்ரர். கோபமில்லை அவர் குரலில். பயம் இருந்தது.

"தெரியாது, மாஸ்ரர். நான் கூப்பிட்டனான், அது வந்தது. அது ஏன் அண்டைக்கு அந்த இடத்துக்கு வந்ததெண்டு எனக்கும் தெரியாது, அதுக்கும் தெரியாது. ஆனா விடியும்வரைக்கும் கானை விடாமல் பிடிச்சுக்கொண்டு கிடந்தது என்ரை ரெண்டு கையும்."

நான் எழும்பிவிட்டேன். ஏன் எழும்பினேன் என்று தெரியாது. கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவன். "நானும் பாத்தனான். என்னையும் தூக்கினது" என்றேன். வேறு ஒன்றும் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு செபமாலையைத் தொடங்கினார். அன்றைக்கு அவர் வழக்கத்தைவிட மெதுவாகச் சொன்னார்.

கார்த்திகை முதல் ஞாயிறு கோவிலில் உறை கொடுத்தார்கள். நதீஷா படுத்த பிறகு பேர்ணடெற் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். தகப்பன் பெயரை எழுதினாள். தாயின் பெயரை எழுதினாள். எங்கள் பாதர் ஐரிஷ்காரர், ஆகவே எல்லாம் ஆங்கில எழுத்தில். மூன்றாவது கோட்டில் பேனை நின்றது. நான் கோப்பை கழுவுவதை நிறுத்திவிட்டு நின்றேன்.

பிறகு எழுதினாள். ஒவ்வோர் எழுத்தாக, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுவதுபோல் வட்டமாக, தமிழில். றோசலின்.

 ஏதாவது சொல்லவேண்டும் என்பதற்காக, "பாதருக்கு உதை வாசிக்கத் தெரியாதே" என்றேன்.

அவள் உறையை ஒட்டி, கையால் ஒருதரம் தடவிவிட்டாள்.

"வாசிக்கவேண்டிய ஆளுக்குத் தமிழ் தெரியும்" என்றாள்.